கேமிங் பிசிக்குச் சின்ன கேஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேசையில் இடம் குறைவு, கேமிங் பிசிக்கு எந்தச் சின்ன கேஸ் (பாகங்களை உள்ளே பொருத்தும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிராஃபிக்ஸ் கார்டை முடிவு செய்யுங்கள், கேஸ் அப்புறம்.

மூன்று ஃபேன் கார்டுகள் பல 300 மி.மீ. தாண்டும். நீளத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், தடிமனும் முக்கியம். கூலர் மாஸ்டர் என்ஆர்200 என்ற கேஸின் கொள்ளளவு சுமார் 18 லிட்டர்தான். ஆனாலும் 330 மி.மீ. கார்டு உள்ளே போகும். கார்டு மூன்று ஸ்லாட் (கேஸின் பின்பக்கத்தில் கார்டுகளுக்கான இடம்) அடைக்கும் தடிமன் என்றால் அடியில் வழக்கமான 25 மி.மீ. ஃபேனுக்கு இடம் இருக்காது, 15 மி.மீ. மெல்லிய ஃபேன்தான் வைக்க முடியும். கார்டின் பவர் கேபிள் பிளக்கை ஒட்டியே மடங்காதபடி பக்கவாட்டிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 170 மி.மீ. சதுரமான மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு பவர் சப்ளையும் பொதுவாக விலை கூடுதல். போர்டில் ரேம் ஸ்லாட்டும் இரண்டுதான். பட்ஜெட் இடித்தால் அதைவிடப் பெரிய மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டும் அதற்கேற்ற கேஸும் போதும்.

கண்ணாடிப் பக்கம் அழகுதான், நம்ம ஊர் வெயிலுக்கு காற்று போகும் வலைப் பக்கமே சரி. 10 லிட்டர் கேஸ்களில் பிராசஸரைக் குளிர்விக்கும் உயரமான கூலர் பொதுவாக நுழையாது. நீங்களே பிசி அசெம்பிள் செய்யும் முதல் பில்டுக்கு அவை வேண்டாம்.