கிரிமினலா, சிவிலா, கார்ப்பரேட்டா: சட்டக் கல்லூரியிலேயே முடிவுசெய்ய வேண்டுமா?

கேள்வி: மதுரையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் சட்டம் படிக்கும் முதல் ஆள் நான்தான். குற்றவியல் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. “பெண்ணுக்குக் கிரிமினல் பக்கம் சரிப்படாது, சிவில் பார்” என்கிறார் சித்தப்பா. அப்பாவுக்கு நான் நீதிபதியாக வேண்டும். கார்ப்பரேட்டில்தான் பணம் என்கிறார்கள் கல்லூரிச் சீனியர்கள். படிப்பு முடிவதற்குள் ஒரு துறையை முடிவுசெய்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். துறையை முடிவுசெய்ய வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. எந்த ஊர் நீதிமன்றம், எந்தச் சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்வது என்பதைத்தான் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலோர் விஷயத்தில் துறை அதன் பின்னால் தானாக வந்து சேர்கிறது.

குற்றவியல் பாடம் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். பாடம் வேறு, பிழைப்பு வேறு. வகுப்பில் கொலைக்கும் கொலைக்குற்றமாகாத மரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அலசுகிறீர்கள். கிரிமினல் வக்கீலின் அலுவலகத்தில் ஜூனியர் முதலில் கற்றுக்கொள்வது நாள் எண்ணுவதை. ஒருவர் ரிமாண்ட் செய்யப்பட்டு, குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால், ஜாமீனில் வெளியே வரும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ரிமாண்ட் செய்த நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கெடு முடிந்த மறுநாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். நீங்கள் நகல் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் அந்த உரிமை போயிற்று. இரண்டு மாதம் கம்பிக்குள் இருந்தவரின் மனைவி வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு விளக்கம் சொல்லும் வேலையும் ஜூனியருக்குத்தான். இதையும், சிறை வாசல் காத்திருப்பையும், பேசிய ஃபீஸில் பாதியோடு காணாமல் போகும் கட்சிக்காரர்களையும் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது சொல்லுங்கள் கிரிமினல் பிடித்திருக்கிறது என்று.

சிவிலும் அப்படித்தான். ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வாரிசுச் சான்று என்று ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். அறுபதாண்டுக்கு முந்தைய கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் ‘கிழக்கே கருப்பையா புஞ்சை’ என்றிருக்கும். பிறகு எழுதிய பத்திரத்தில் அதே பக்கம் ‘பஞ்சாயத்துச் சாலை’ என்றிருக்கும். இடையில் யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புத் திட்டம் வந்து சர்வே எண் உட்பிரிவாகியிருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று காகிதத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்கு இதில் பசியே தெரியாது, சிலருக்கு அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். உங்களுக்கு எது என்று சொத்துரிமைப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் சொல்லாது.

கார்ப்பரேட் என்று உங்கள் சீனியர்கள் சொல்வது ஒரு வேலை அல்ல. பெருநகரச் சட்ட நிறுவனத்தில் ஒப்பந்தம் எழுதுவது, ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு இருப்பது, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் வாதாடுவது ஆகிய மூன்றையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். தொடக்கத்திலேயே கையில் பணம் தருபவை முதல் இரண்டும். ஆனால், முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி.

அது அப்பாவின் ஆசையோடு நேராக மோதுகிறது. சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் விண்ணப்பிக்கும்போது அன்றைய அறிவிக்கையில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத் தேர்வில் சிவில், கிரிமினல் இரண்டுமே வரும். ஆங்கிலச் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழாக்குவது, தமிழில் இருப்பதை ஆங்கிலமாக்குவது என்று மொழிபெயர்ப்புக்குத் தனித் தாளே உண்டு. ஆகவே அப்பாவின் வழியில் போவதென்றால், இரண்டு பக்கமும் பார்க்கும் ஒரு விசாரணை நீதிமன்ற வக்கீலிடம் சேர்வதே நல்லது. நீதிபதியாகும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இதையேதான் சொல்வேன். மதுரையில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருப்பதால் நேராக அங்கே போய்விட நிறைய பேருக்கு ஆசை. சாட்சிக் கூண்டில் நிற்பவரை ஒருமுறைகூடக் குறுக்கு விசாரணை செய்யாமல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பற்றி வாதாடுவது சிரமம்.

சித்தப்பா சொல்வது தவறு. ஆனால் அவர் பயப்படாத ஒரு சிக்கல் உண்மையில் இருக்கிறது. கிரிமினல் அலுவலகத்தில் சேர்ந்த பெண் ஜூனியரிடம் குடும்பநல வழக்குகளையும் வாய்தா வாங்கும் வேலையையும் மட்டும் தள்ளிவிடும் சீனியர்கள் உண்டு. சேரும் முன் அந்த அலுவலகத்தில் இருக்கும் பெண் வழக்கறிஞரிடம், “நீங்கள் முதன்முதலில் குறுக்கு விசாரணை செய்தது எந்த ஆண்டில்?” என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தால் வேறு அலுவலகம் பாருங்கள்.

முதல் தலைமுறை என்பதால் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையடுத்து, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் அறிவுறுத்தியிருக்கிறது. எல்லாரும் தருவதில்லை. சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இனி, கையில் இருக்கும் இரண்டரை ஆண்டு. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரப் பயிற்சி கட்டாயம். ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. பாதிப் பேர் சான்றிதழ் வாங்குவதற்காக மட்டுமே போகிறார்கள். ஒரு சிவில் விசாரணை, ஒரு கிரிமினல் விசாரணை நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்பதையும் பழைய மாணவர் நோட்டைப் பார்த்து எழுதி முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அதை மெய்யாகவே செய்யுங்கள். ஒரே ஒரு சாட்சியைப் பிடித்து, முதல் விசாரணை தொடங்கி குறுக்கு விசாரணை முடியும்வரை, எத்தனை வாய்தா ஆனாலும் விடாமல் போய் உட்காருங்கள்.

மே மாதத்தில் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை, மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் இயங்கும். அதனால் வரும் மே மாதப் பயிற்சியைக் கிரிமினல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிவிலுக்கு, நீதிமன்றம் திறந்திருக்கும் வேறு விடுமுறையில் நான்கு வாரம் ஒதுக்குங்கள். கார்ப்பரேட்டை நான்காம் ஆண்டில் பார்க்கலாம். சென்னையில் நான்கு வாரம் தங்க ஆகும் செலவை மட்டும் இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.