எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர் ஹாம் தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பி.காம். படித்தவர், ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் 13 வயது மகனுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஹாம் ரேடியோவை (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் வானொலி) பார்த்ததிலிருந்து அதே பேச்சாம். இருவருமே லைசென்ஸ் தேர்வு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். "படிக்கக் கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் சுத்தமாகத் தெரியாது. இணையத்தில் கிடைக்கும் கேள்வி பதில் தொகுப்பை அப்படியே மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள். போதுமா? மோர்ஸ் கட்டாயமா? தேர்வுக்கு முன்பே ஒரு வாக்கி டாக்கி வாங்கிப் பழகலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். கையடக்க செட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அது சட்டப்படி சரியாகிவிடாது. தேர்வில் தேறி, லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, உங்களுக்கென்று அழைப்புக்குறி, அதாவது வானலையில் உங்கள் அடையாளப் பெயர், கைக்கு வந்த பிறகுதான் செட். அதுவரை கேட்பது மட்டும். அதற்கும் காசு தேவையில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்எஸ்டிஆர் என்ற இணையவழி ரிசீவரை உங்கள் மொபைலிலேயே திறந்து ஐரோப்பிய ஹாம்களைக் கேட்கலாம். நம் ஊர்க் குரல்களைக் கேட்க, 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் எஸ்எஸ்பி (ஹாம்கள் குரலை அனுப்பும் முறை) எடுக்கும் ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்று கிடைத்தால் காலை நேரத்தில் திருப்பிப் பாருங்கள். தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

தேர்வை நடத்துவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூபிசி (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு. சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 12 என்பதால் உங்கள் மகனுக்குத் தடை இல்லை. இரண்டு நிலைகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். இரண்டிலும் எழுத்துத் தேர்வு ஒரே தாள், அதில் இரண்டு பகுதிகள். ஒன்று ரேடியோ தியரி, மற்றது இந்திய, பன்னாட்டு விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டட் தேற ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஜெனரலுக்கு அது 50, 55. மோர்ஸ் என்ற புள்ளி, கோடு ஒலிக் குறியீடு ஜெனரலுக்கு மட்டும்தான், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும்.

என் யோசனை இது: நீங்கள் ரெஸ்ட்ரிக்டட் எழுதுங்கள், மகன் ஜெனரலுக்குத் தயாராகட்டும். படிக்கும் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் சேர்ந்தே படிக்கலாம். பதின்மூன்று வயதுக் காது மோர்ஸைச் சீக்கிரம் பிடிக்கும். உங்களுக்கு ஆர்வம் வந்தால் பிறகு ஜெனரலுக்கு ஏறிக்கொள்ளலாம்.

மனப்பாடம் போதுமா என்றால், விதிமுறைப் பகுதிக்கு ஓரளவு போதும், தியரிக்குப் போதாது. எண்ணை மாற்றிப் போட்டாலே மனப்பாடம் கவிழ்ந்துவிடும். அதனால் விதிமுறையை முதலில் எடுங்கள். கணக்கு எழுதும் உங்களுக்கு அது சுலபமாக வரும், நம்பிக்கையும் வரும். தியரியில் முழு மதிப்பெண் எடுத்தாலும் இந்தப் பகுதியில் கோட்டை விட்டால் தேற முடியாது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, ரகசியக் குறிமொழி கூடாது, லாக் புத்தகம் (யாரோடு எப்போது பேசினோம் என்ற குறிப்பேடு) எழுத வேண்டும், அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் காரணத்தோடு படித்தால் மறக்காது. இந்த அலைவரிசைகள் எல்லோருக்கும் பொது. 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள்தான் உறவினர்களுக்குச் செய்தி கடத்தினார்கள். அப்படி ஒரு நாளில் அலைவரிசை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை கட்டுப்பாடும்.

யுடிசி எனும் உலகப் பொது நேரம், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியப் பிரிவில் இந்தியா 3ஆம் மண்டலம், மேடே, பான் பான் அவசர அழைப்புகள், கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான கியூ குறியீடுகள் ஆகியவை உறுதியான மதிப்பெண்கள். நம் கடிகாரம் யுடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அதிகாலை 4 மணிக்கு இங்கே பேசினால் யுடிசியில் முந்தைய நாள் இரவு 10.30. தேதியும் மாறுவதை மறக்காதீர்கள், அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கியூஆர்எம், கியூஆர்என் குழப்பத்துக்கு ஒரு வழி: எம் என்றால் மேன், மனிதரால் வரும் இடைஞ்சல். என் என்றால் நேச்சர், இடி மின்னலால் வரும் இரைச்சல்.

ஒலிப்பெழுத்து வரிசையை மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டாம். திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையத்துக்குப் பஸ்ஸில் வரும்போது, முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டை இருவரும் மாறி மாறிச் சொல்லுங்கள். டிஎன் 58 என்றால் "டேங்கோ நவம்பர் ஃபைவ் எயிட்". அப்புறம் வரும் இரண்டு எழுத்துகள்தான் உண்மையான பயிற்சி, அவை வண்டிக்கு வண்டி மாறும். திருப்பரங்குன்றம் நெரிசலில் வண்டி நின்றால் இன்னும் நல்லது.

இனி தியரி. தமிழில் எதுவும் இல்லை என்கிறீர்கள், நம் சமச்சீர் பாடநூல்களை மறந்துவிட்டீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டப் பாடமும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மாறுதிசை மின்னோட்டம், டையோடு, டிரான்சிஸ்டர், பண்பேற்றம் வரும் பாடங்களும் உங்களுக்குத் தேவையானதில் பெரும்பகுதியைத் தருகின்றன. பிடிஎஃப் இலவசம். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். தேர்வுத்தாள் தமிழில் வராது என்பதால், ஒரு நோட்டில் மின்தேக்கிக்கு எதிரே கெபாசிட்டர், மின்தூண்டிக்கு எதிரே இண்டக்டர் என்று எழுதிக்கொண்டே போங்கள்.

சூத்திரங்களைக் கண்டு பயப்படாதீர்கள். அடிக்கடி தேவைப்படுவது சிலதுதான், அவற்றையும் வீட்டில் உள்ள பொருளில் போட்டுப் பாருங்கள். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். மதுரை வானொலியின் எஃப்எம் 103.3 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால் சுமார் 2.9 மீட்டர். அதில் கால் பங்கு 73 சென்டிமீட்டர். உங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் இழுத்து விடும் ஆன்டெனாவை முழுதாக நீட்டி அளவுகோலால் அளந்து பாருங்கள், பல செட்களில் அதை ஒட்டித்தான் வரும். கால் அலை ஆன்டெனா என்பது மகனுக்கு அந்த நிமிடமே விளங்கிவிடும். அடுத்தது 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுத்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா. அரை அலைக்கு 300இல் பாதி 150, கம்பியில் அது கொஞ்சம் குறைந்து 143. 143ஐ 7.1ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி. மொட்டை மாடியில் ஒரு டேப் வைத்து அளந்தால், நேராகக் கட்ட இடம் போதாமல் நடுவில் ஒரு கம்பம் நட்டு இரு பக்கமும் சரித்துக் கட்டுவது ஏன் என்று தானே புரியும்.

50 ஓம் ஆன்டெனாவுக்கு 50 வாட் கொடுத்தால் மின்னோட்டம் 1 ஆம்பியர், மின்னழுத்தம் 50 வோல்ட். ஓம் விதியும் திறன் சூத்திரமும் இந்த ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. இதை வெவ்வேறு எண்களுக்குக் கையாலேயே போடுங்கள், கால்குலேட்டரைத் தொடாமல். திறன் எத்தனை மடங்கு கூடியது என்பதைச் சொல்லும் டெசிபல்லில் இரண்டு எண் போதும்: இரட்டிப்பு 3, பத்து மடங்கு 10. ஐந்து வாட்டை ஐம்பதாக்கினால் 10 டெசிபல். எதிர்முனை ரிசீவரில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபல் என்பதால், முள் இரண்டு படிகூட ஏறாது. பெரிய செட்டுக்குச் செலவழிக்கும் முன் நல்ல ஆன்டெனா கட்டு என்று மூத்த ஹாம்கள் சொல்வது இதனால்தான்.

அலை பரவும் பாடத்தைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, நம் பக்கத்திலேயே சாட்சியும் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது, சூரியப் புள்ளிகளை நூறாண்டுக்கு மேலாகப் பதிவு செய்து வருகிறது. அந்தப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறையும். கூடும் காலத்தில் வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு நன்றாக அயனியாகி, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளையும் பூமிக்குத் திருப்பும். பகலில் கீழே உருவாகும் டி அடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கும், இரவில் அது கலைந்துவிடும். அதனால்தான் 7 மெகாஹெர்ட்ஸில் பகலில் கேரளா, பெங்களூரு என்று பக்கத்து ஊர்களும் இருட்டிய பிறகு தூர தேசங்களும் கேட்கின்றன. காலையிலும் இரவிலும் கேட்டு, என்ன ஊர் வந்தது என்று மகன் குறித்து வைக்கட்டும். பாடமும் ஆச்சு, லாக் எழுதிய பழக்கமும் ஆச்சு.

மோர்ஸுக்குப் புள்ளி, கோடு அச்சிட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். தவில் கற்றுக்கொடுப்பவர் பாடத்தை வாயால் சொல்லித்தானே ஏற்றுகிறார், அப்படி ஓசையாகவே ஏற வேண்டும். கே என்றால் "டா டிட் டா", எம் என்றால் "டா டா". இந்த இரண்டில் தொடங்கி, பத்துக்கு ஒன்பது சரியாக வரும்போது மூன்றாவது எழுத்தைச் சேர்ப்பது கோக் முறை. நிமிடத்துக்கு 8 சொல் என்றால் 40 எழுத்து, அதாவது எழுத்துக்கு ஒன்றரை வினாடி. அதற்காக எழுத்தையே இழுத்து இழுத்து ஒலிக்க வைத்துப் பழகக் கூடாது. எழுத்து வேகமாக வரட்டும், இடைவெளி நீளமாக இருக்கட்டும். மொபைல் செயலிகளில் இதற்கு வசதி உண்டு. தினமும் கால் மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மொத்தமாக உட்கார்ந்தால் பலன் இல்லை. வாங்கும்போது ஓர் எழுத்து தவறினால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக்குங்கள், நின்று யோசித்தால் இன்னும் மூன்று போய்விடும்.

தேர்வு மையங்களில் சென்னை உண்டு. முந்தைய இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். அசல் அடையாள அட்டைகளோடு மகனின் வயதுச் சான்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி தெரிந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள், அந்த ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.