கிளிநொச்சியில் 40 எம்பிபிஎஸ் (Mbps) வேக இணைப்பு இருந்தும் ஒன்லைன் விளையாட்டில் பிங் ஏன் 120-ஐத் தாண்டுகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தபோது வயிறு எரிந்தது. வேகச் சோதனையில் 40 வருகிறது, யூடியூப் தடங்கலின்றி ஓடுகிறது, ஆனால் வலோரன்ட் என்ற சுடும் விளையாட்டை ஆடினால் மும்பைச் சேர்வரில் பிங் (செய்தி போய்ப் பதில் திரும்ப எடுக்கும் நேரம், மில்லி செக்கனில்) 120, இரவு 8 மணிக்குப் பிறகு 200. பெரிய பக்கேஜுக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். நான் இரண்டு முறை மாறினேன். மாதக் கட்டணம் ஏறியது, பிங் அசையவில்லை.

வேகம் வேறு, தாமதம் வேறு. வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பது ஒன்று. இரணைமடுக் குளத்தின் துருசைத் திறந்த பிறகு கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை மணி நேரம் என்பது இன்னொன்று. 40 எம்பிபிஎஸ் என்பது வாய்க்காலின் அகலம். படம் பார்ப்பவருக்கு அது போதும், வரப்போகும் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். எதிரி அடுத்த கணம் எந்த மூலையால் வருவான் என்பதை யாரால் இறக்கி வைக்க முடியும்?

வலோரன்ட் சேர்வர் ஒரு செக்கனுக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. பிங் 140 என்றால், நீங்கள் சுட்ட செய்தி போய்ப் பதில் திரும்புவதற்குள் அது 17 தடவை கணக்குப் போட்டு முடித்திருக்கும். மூலையில் நின்று காத்திருக்கிறீர்கள், எதிரி வருகிறான், அவனைக் காணும்போதே செத்துக்கிடக்கிறீர்கள். அவன் உங்களைப் பார்த்துச் சுட்டது உங்கள் திரைக்கு வந்து சேரும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. கடந்த ஆண்டு எங்கள் பொடியன்கள் ஐந்து பேர் ஒரு சிறிய போட்டியில் அரையிறுதி வரை போனோம். 11க்கு 11 என்று நின்றபோது பிங் 240-க்குத் தாவியது. ஓடிய இடத்திலிருந்து என்னைத் திரும்பத் திரும்பப் பின்னால் இழுத்து விட்டது. தோற்றோம். பெரியம்மாவின் மகன், உயர்தரம் படிக்கிறவன், "அண்ணா, எனக்கு விளையாட வராது போல" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் ஆட வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இதை ஆராயத் தொடங்கினேன். அவனுக்கு ஆட வரும். அவனுடைய பொதிகள், அதாவது இணையத்தில் தரவு பிரிந்து போகும் சிறு துண்டுகள், போகும் வழிதான் பிழை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீற்றர், சென்னை சுமார் 410, மும்பை 1,350, சிங்கப்பூர் 2,700-க்குச் சற்று மேல். எங்கள் அப்பப்பா கொழும்பு வானொலி இரைந்தாலும் திருச்சி வானொலி தெளிவாகக் கேட்கும் என்பார். அவ்வளவு அருகில் இருக்கிறோம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓடும். போய்வரும் கணக்கில் மும்பைக்கு 14 மில்லி செக்கன். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, இடையிலுள்ள கருவிகளும் நேரம் எடுக்கும், ஆகவே 40, 50 என்றால் ஏற்றுக்கொள்ளலாம். மீதி 70 எங்கிருந்து வருகிறது?

பொதி எந்தெந்த இடம் வழியாக, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைக் கணினியில் போட்டுப் பார்த்தால் தெரியும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கு அருகில் என் வீடு. எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் பைபர் (கண்ணாடி இழை இணைப்பு) வரவில்லை, 4ஜிதான். அன்று எனக்கு வந்த கணக்கு: கொழும்பு 36, அடுத்து சிங்கப்பூர் 81, அதற்கும் அடுத்து மும்பை 141. வடமேற்கே போக வேண்டிய பொதி வங்கக் கடலைத் தாண்டிக் கிழக்கே போய், அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வருகிறது. பருத்தித்துறைக்குப் போக வேண்டியவரை மட்டக்களப்பு வழியாக அனுப்புவது போல.

இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம் கரையேறுகின்றன. ஆகவே வன்னியின் பொதி முதலில் தெற்கே போயே ஆக வேண்டும். அதனால் ஏற்படும் இழப்பு சில மில்லி செக்கன்கள்தான், அதைப் பொறுக்கலாம். கல்கிசையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் பாரத் லங்கா கேபிள் 2006-இலிருந்து இருக்கிறது. குறுக்கு வழி கடலுக்கு அடியில் கிடக்கிறது. உங்கள் பொதி அதில் ஏறுமா என்பதை ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. வலையமைப்புகளுக்கிடையே வழி சொல்லும் பிஜிபி என்ற நெறிமுறைக்குக் கிலோமீற்றரும் தெரியாது, மில்லி செக்கனும் தெரியாது. எத்தனை வலையமைப்புகளைக் கடக்க வேண்டும், எந்த வழியை நிறுவனம் முன்னுரிமையாக எழுதி வைத்திருக்கிறது என்பவற்றை வைத்தே அது வழியைத் தேர்கிறது. மலிவான வழிக்கு முன்னுரிமை கொடுத்திருந்தால் பொதி அதில்தான் போகும். இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். வலோரன்ட்டை உருவாக்கிய ரையட் கேம்ஸ் நிறுவனமே, வட அமெரிக்காவில் தன் ஆட்டக்காரர்களின் பொதிகள் இப்படிச் சுற்றிப் போவதைக் கண்டு, 2010-களின் நடுப்பகுதியில் தனக்கென ஒரு வலையமைப்பைக் கட்டத் தொடங்கியது.

இதை எங்கள் இணைய நிறுவனத்திடம் சொன்னபோது வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் வேகச் சோதனை செய்யச் சொன்னார். செய்தேன். "சரியாகத்தானே இருக்கிறது" என்றார். மூன்று முறை இதே பதில். என் இணைப்பில் அந்தச் சோதனை கொழும்பிலுள்ள சேர்வர் வரைக்கும்தான் அளக்கிறது! நாட்டை விட்டு வெளியேறிய பிறகு பொதி எங்கே அலைகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. எங்கள் முறைப்பாடோ அந்த இடத்தைப் பற்றியது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் வீட்டுப் பிழையை நீக்குங்கள், இல்லாவிட்டால் அதைக் காட்டியே உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். கணினியை வைஃபையில் விடாமல் வயரால் ரவுட்டருடன் இணையுங்கள். வீட்டில் யாராவது காணொளி பதிவேற்றும்போது பிங் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ரவுட்டர் பொதிகளை வரிசையில் நிற்க வைக்கிறது என்று பொருள், பதிவேற்ற வேகத்தை அமைப்பில் சற்றுக் குறைத்தால் அது தீரும். அதன் பிறகும் அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே மாதிரி 120 வந்தால் அது வழியின் பிழை. இரவில் மட்டும் ஏறினால் கோபுரமோ அதற்கு அப்பாலுள்ள இணைப்போ நெரிசலில் இருக்கிறது.

முறைப்பாடு செய்து வழி திருத்தப்படும் வரைக்கும் ஓர் உதவி: உங்கள் பொதி எப்படியும் சிங்கப்பூருக்குப் போகிறதென்றால் சிங்கப்பூர்ச் சேர்வரிலேயே ஆடுங்கள். வரைபடத்தில் இரு மடங்கு தூரம், ஆனால் எனக்கு 141 இருந்த இடத்தில் 84 வந்தது. பொதிகளை வேறொரு சேர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேறு வழியால் கொண்டுபோனால் பிங் குறையும், அதே வழியால் கொண்டுபோனால் கூடும். இலவச நாட்களில் சோதித்துப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். 4ஜி கோபுரத்தின் நெரிசலை அது ஒருபோதும் தீர்க்காது.

முறைப்பாட்டைத் தனியாகச் செய்யாதீர்கள். நாங்கள் 14 பேர், தருமபுரம் முதல் புதுக்குடியிருப்பு வரை, ஒரே வாரத்தில் ஒரே நேரத்தில் எடுத்த டிரேஸ்ரூட்களைச் சேர்த்து எழுத்தில் அனுப்பினோம். எந்த இடத்தில் பொதி சிங்கப்பூருக்குத் திரும்புகிறது என்பதைக் குறித்து, "வலையமைப்புப் பொறியாளரின் பார்வைக்கு" என்று எழுதினோம். ஆறு வாரம் பதில் இல்லை. ஏழாவது வாரம் ஒரு காலை மும்பை 74 என்று வந்தது. பெரியம்மாவின் மகனை எழுப்பிக் காட்டினேன். பல் துலக்காமல் ஆட உட்கார்ந்தான்.

மூன்று மாதத்தின் பின் அது மீண்டும் சிங்கப்பூர் வழியே போகத் தொடங்கியது, மீண்டும் எழுதியிருக்கிறோம். தினமும் இரவு 8.30-க்கு ஒரு சீ.ஆர். கொப்பியில் கணக்கைக் குறித்து வருகிறேன். கிளிநொச்சி நகரப் பக்கத்திலிருந்து, பைபர் இணைப்பில், எங்களிடம் ஒரு கணக்கும் இல்லை. இன்று இரவு உங்களுடையதை எடுத்து, நேரத்தையும் குறித்து அனுப்புங்கள் தம்பி. அடுத்த முறைப்பாட்டில் 15-ஆவது ஆளாகச் சேர்க்கிறேன்.