பழைய பிக்கப் வாங்கினால் எந்த பிராண்டை நம்பலாம்?

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்குகிறவர் டொயோட்டா, ஃபோர்டு, செவர்லே மூன்றில் எது உழைக்கும் என்று கேட்டிருக்கிறார். வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். தன் வண்டியை யாரும் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. அதைக் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

பெயர் டொயோட்டாவுக்குத்தான், அது சும்மா வந்த பெயரும் இல்லை. ஆனால் 2005 முதல் 2010 வரையிலான அதன் டகோமா பிக்கப்பில் ஒரு வேடிக்கை: இன்ஜின் ஜோராக ஓடும், அடியில் சேஸி துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் இது அதிகம். வழக்கு நடந்து, கம்பெனி சமரசத்துக்கு வந்து, பலருக்குச் சேஸியையே மாற்றிக் கொடுத்தது. அப்புறம் 2024-ல், இன்ஜினுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று அதன் பெரிய பிக்கப்பான டன்ட்ராவின் 2022, 2023 மாடல்களைத் திரும்ப அழைத்தார்கள்.

ஃபோர்டில் 2004-08 எஃப்-150இன் 5.4 லிட்டர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதே உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் பெருமூச்சு விடும் இன்ஜின் அது. செவர்லேயின் 5.3 லிட்டர் வி8-இல், எரிபொருள் மிச்சம்பிடிக்கச் சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. அதன் லிஃப்டர்கள், அதாவது வால்வைத் தூக்கிவிடும் பாகங்கள், கெட்டுப்போவதாகப் புகார்கள் ஏராளம்.

ஆக பிராண்டைக் கேட்காதீர்கள், எந்த வருடம், எந்த இன்ஜின் என்று கேளுங்கள். சரி, டகோமாதான் என்றால் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.