பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்பு: பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

(பெங்களூரில் பல வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து, இப்போது பள்ளி ஊழியர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயரையும் பள்ளிகளின் பெயரையும் எடுத்துவிட்டோம்.)

வணக்கம். கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில். யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு குழந்தை ஏதாவது சொன்னால், அது உண்மையா பொய்யா என்று துருவிக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை இல்லை, ஹெச்.எம். வேலை இல்லை, பெற்றோரின் வேலையும் இல்லை. பொறுமையாகக் கேட்டு, கேட்டதை உரிய இடத்தில் சொல்லிவிட வேண்டும். விசாரணை போலீஸின் பொறுப்பு.

அல்சூரிலிருந்து ஒரு அம்மா: அக்கா, என் மகள் ஒன்றாம் வகுப்பு. கொஞ்ச நாளாக வேனில் ஏற மாட்டேன் என்று அழுகிறாள். கேட்டால் காரணம் சொல்வதில்லை. "யாராவது தொட்டாங்களா" என்று நேராகவே கேட்டுவிடலாமா?

வேண்டாம்மா. ஆறு வயதுக் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து, அம்மா எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லிவிடும். இல்லையென்றால் பயந்து வாயே திறக்காது. நாளைக்கு விஷயம் கோர்ட்டுக்குப் போனால், "அம்மா சொல்லிக்கொடுத்துப் பிள்ளை சொல்கிறது" என்று வாதாடவும் அது இடம் கொடுக்கும்.

தலை வாரும்போதோ சோறு ஊட்டும்போதோ, "வேன்ல யார் பக்கத்துல உட்காருவே? அப்புறம் என்னாகும்?" என்று கேட்டுவிட்டு, அவளைப் பேச விடுங்கள். வண்டி ஆட்டத்தில் வாந்தி வரலாம், பெரிய பிள்ளைகள் சீட்டைப் பிடுங்கலாம், டிரைவர் கத்தலாம். காரணம் தெரியும்வரை முடிந்தால் நீங்களே கொண்டுபோய் விடுங்கள், அழ அழ ஏற்றாதீர்கள். சிறுநீர் போகும்போது வலி, உள்ளாடையில் கறை, பழக்கம் விட்டுப்போன பிறகு மறுபடி படுக்கையை நனைப்பது, டாய்லெட் போகவே பயம் என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் வேன் பள்ளியுடையதா, பெற்றோர் சேர்ந்து பிடித்த தனியார் வண்டியா என்றே பல பேருக்குத் தெரிவதில்லை. டிரைவரைப் பள்ளி விசாரித்திருக்கும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள், பெற்றோர் விசாரித்திருப்பார்கள் என்று பள்ளி விட்டுவிடுகிறது. போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, வண்டியில் ஆயா இருக்கிறாரா என்று கேளுங்கள். காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் உங்கள் மகளா என்று அவசியம் பாருங்கள். டிரைவரோடு குழந்தை தனியாக இருக்கும் நேரம் அதுதான்.

சிவாஜிநகர் பக்கம் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை: மேடம், எனக்கு இதுதான் முதல் வேலை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஷூ மாட்டிவிடும்போது, பாத்ரூமில் ஒரு வேலையாள் தன்னை என்ன செய்தார் என்று என்னிடம் சொன்னான். ஹெச்.எம்.மிடம் போனேன். "முதலில் உறுதி செய்துகொள்வோம், அந்த ஆளையும் பையனையும் கூப்பிட்டுக் கேட்போம், நீ எதையும் எழுதி வைக்காதே" என்கிறார். என்ன செய்வது?

எழுதுங்கள். இதைப் படித்து முடித்ததும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், அவன் சொன்ன வார்த்தைகள். அவன் பாதி கன்னடம் பாதி தமிழில் சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். திருத்த வேண்டாம், நாகரிகமான வார்த்தையாக மாற்றவும் வேண்டாம். உங்கள் ஊகத்தை அதில் கலக்காதீர்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள்.

ஹெச்.எம். சொன்ன அந்த "கூப்பிட்டுக் கேட்போம்" நடக்கவே கூடாது. செய்த ஆளின் எதிரில் ஏழு வயதுப் பையனை நிறுத்தினால் அவன் "ஒண்ணும் நடக்கல" என்றுதான் சொல்வான். அதை வைத்துக்கொண்டு பள்ளி ஃபைலை மூடிவிடும். அந்த ஆள் எச்சரிக்கையாகிவிடுவார். அந்தப் பையன் வாழ்க்கையில் இன்னொரு தடவை எந்தப் பெரியவரிடமும் சொல்ல மாட்டான். குழந்தைகளுக்கு நடக்கும் இரண்டாவது கொடுமை ஹெச்.எம். அறையில்தான் நடக்கிறது என்று பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி, ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ எவரும் போலீஸிலோ சிறார் சிறப்புப் போலீஸ் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும். ஆதாரம் கொண்டு வா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்கள் ஹெச்.எம்.முக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம், மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் மகாராஷ்டிர மாநில வழக்கு ஒன்றில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பள்ளி விடுதி மாணவிகள் சம்பந்தப்பட்ட வழக்கு.

அவரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அவர் தயங்கினால் நீங்களே குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர எண் 112-க்கு அழைக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது, அதுவும் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்த வேலையாள் இன்றிலிருந்து பிள்ளைகள் பக்கம் வராதபடி பார்க்கச் சொல்லுங்கள். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதை எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டாரிடம் பொறுப்பான ஒருவர் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும், டைரியில் குறிப்பு அனுப்பும் விஷயம் இல்லை இது.

பையனிடம் மறுபடி எதுவும் கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லதுப்பா. உன்மேல தப்பு இல்ல. உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட நான் பேசறேன்." இது போதும். ஷூ மாட்டிவிடும் ஒரு நிமிஷத்தில் உங்களை நம்பி அவன் சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கை சாதாரணமில்லை மா.

பின்னால் பொய் என்று ஆகிவிட்டால்?

குழந்தை தவறாகச் சொல்லியிருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது. உங்களுக்கும் இல்லை. கெடுக்கும் எண்ணத்தோடு தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்த பெரியவருக்குத்தான் 22-ஆம் பிரிவு.

கம்மனஹள்ளி, ஒரு அப்பா: எனக்குக் கன்னடம் அவ்வளவாக வராது. புகார் என்று வந்தால் பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் உட்கார வைக்க வேண்டுமா? அந்தப் பயத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

வேண்டியதில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், யூனிஃபார்ம் போட்டிருக்கக் கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அது சலுகை இல்லை, சட்டத்தில் இருக்கிறது. நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லி எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான், எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் இரண்டுக்கும் இது பொருந்தும், முதல் சிகிச்சைக்குக் காசு வாங்கவும் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். நடந்து நாளாகவில்லை என்றால் குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் போங்கள். அம்மாக்கள் பதற்றத்தில் முதலில் செய்வது குளிப்பாட்டுவதுதான், மனசு புரிகிறது, ஆனால் தடயம் போய்விடும்.

பையன்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். போக்சோவில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

ஜீவன்பீமா நகர், ஒரு தாத்தா: பேரனை டீச்சர் ஸ்கேலால் இரண்டு போட்டார். மருமகள் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுகிறாள். நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே படித்தோம்?

ஐயா, உங்கள் மருமகள் செய்தது சரி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடியையும் தடை செய்கிறது, மனதைப் புண்படுத்தும் பேச்சையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பெரியவர் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வீட்டில் சொன்னால் "நீ என்ன பண்ணினே" என்று கேட்பார்கள் என்று ஒரு பிள்ளை பழகிவிட்டால், அதைவிட மோசமான ஒன்று நடக்கும்போதும் அது வாய் திறக்காது. பேரன் வீட்டில் வந்து சொன்னானே, அதற்கு அவனைத் தட்டிக்கொடுங்கள்.

அட்மிஷன் நேரம். நாங்கள் பார்த்த ஒரு பள்ளி 'எல்லா இடத்திலும் சிசிடிவி' என்கிறது. அது போதுமா?

போதாது. டாய்லெட்டுக்குள் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அங்கேதான் கவலையே. அதனால் நான் முதலில் டாய்லெட்டைத்தான் போய்ப் பார்ப்பேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா, வகுப்பறையிலிருந்து எவ்வளவு தூரம், கூட யார் போகிறார்கள், பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் துப்புரவு வேலையாட்கள் உள்ளே போகிறார்களா? 2024 ஆகஸ்டில் மும்பை பக்கம் பத்லாபூரில் மழலையர் வகுப்புச் சிறுமிகள் இருவர் சம்பந்தப்பட்ட கொடுமையும் பள்ளிக் கழிப்பறையில்தான். மக்கள் ரயில் நிலையத்திலேயே இறங்கிப் போராடினார்கள். கைதானவர் துப்புரவுப் பணியாளர்.

அப்புறம், ஊழியர் சரிபார்ப்பு. 2020-இன் போக்சோ விதிகளில், குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும் அவ்வப்போது போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது, ஆசிரியர் முதல் ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்கள் வரை. "டீச்சர்களுக்கெல்லாம் முடிஞ்சது" என்று மட்டும் சொன்னால் காவலாளி, டிரைவர், டான்ஸ் மாஸ்டர், ஸ்கேட்டிங் கோச் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் யாரிடம் போய்ச் சொல்லும் என்று ஆயாவிடம் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தால் அந்தப் பள்ளியில் பயிற்சி உண்மையிலேயே நடக்கிறது என்று அர்த்தம்.

யு.கே.ஜி. பையன்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தொட்டு விளையாடினார்களாம். ஒரு பையனை வெளியே அனுப்பச் சொல்லி மற்ற பெற்றோர் கொந்தளிக்கிறார்கள்.

தயவுசெய்து யாரையும் குற்றவாளி என்று கூப்பிட வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்வது எதுவும் நம் சட்டத்தில் குற்றமே இல்லை. இந்த வயதில் ஒருவர் உடம்பை ஒருவர் ஆச்சரியமாகப் பார்ப்பது நடப்பதுதான், நிதானமாகத் திருத்தினால் நின்றுவிடும். ஆனால் மிரட்டல் இருந்தாலோ, சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்பச் செய்தாலோ, வயதுக்கு மீறிய செயலாக இருந்தாலோ, அந்தப் பையனுக்கு யாரோ ஏதோ செய்திருக்கலாம், அல்லது போனில் காட்டியிருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். அப்போது அவனும் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைதான். நம் ஊரிலேயே நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது, போகத் தயங்காதீர்கள்.

பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு மற்றவர்களை எச்சரிக்கலாமா?

கூடவே கூடாது. பெயர், போட்டோ, பள்ளி, தெரு, எது வெளியே போனாலும் குழந்தை யார் என்று தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

சின்னப் பிள்ளைக்கு 'குட் டச் பேட் டச்' எப்படிச் சொல்லித்தருவது?

அந்தப் பாடத்தை மட்டும் நம்பாதீர்கள். தொடுவது கூச்சமாகவோ விளையாட்டாகவோ இருந்தால் அது பேட் டச் என்று குழந்தைக்குத் தோன்றாது. ஜட்டிக்குள் இருப்பதை அம்மாவோ பாட்டியோ கழுவிவிடலாம், டாக்டர் பார்த்தால் அம்மா பக்கத்தில் இருப்பார், மற்ற யாரும் பார்க்கவோ தொடவோ காட்டச் சொல்லவோ கூடாது. இப்படி நேராகச் சொல்லுங்கள். அம்மாவிடம் மறைக்கச் சொல்லி யார் எது சொன்னாலும் முதலில் அம்மாவிடம் வர வேண்டும். பிடிக்காதபோது மாமாவுக்கு முத்தம் கொடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். 2007-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாலியல் தொந்தரவு செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

ஒரு ஆயா: அம்மா, நான் காண்ட்ராக்டில் பள்ளியில் வேலை செய்கிறேன். சில நாளாக ஒருவர் நடந்துகொள்வது சரியாகப் படவில்லை. சொன்னால் வேலை போய்விடும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை நீங்கள் கேட்டதற்கே நன்றி மா. 1098 இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். முழுசாகத் தெரிந்தால்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பள்ளி எங்கே இருக்கிறது, எந்த வகுப்புப் பிள்ளை, யார், எப்போது, உங்கள் கண்ணால் என்ன பார்த்தீர்கள், இவ்வளவும் சொல்லுங்கள். தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை அந்த ஆள் இருக்கும் பக்கம் பிள்ளைகள் தனியாகப் போகாமல், போகும்போதெல்லாம் நீங்களும் கூடவே போங்கள். பேச யாராவது துணைக்கு வேண்டும் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பக்கத்தில் இருந்து நானே நம்பரைப் போட்டுத் தருகிறேன்.