மந்திரமும் இயந்திரமும்: இந்த விடுமுறையில் பிள்ளைகள் கையில் என்ன கொடுக்கலாம்?

நவம்பர் வந்தாயிற்று, பள்ளிக்கூடம் மூடப்போகிறது. இனிப் புயல் எச்சரிக்கை வந்தால் ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டிய மாதங்கள். பிள்ளைகளுக்கு என்ன மாயக்கதை, என்ன அறிவியல் புனைகதை வாங்கலாம் என்று மொரீஷியஸின் பல ஊர்களிலிருந்தும், ரியூனியனிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டு, தமிழும் சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தமிழில் ஒரு நல்ல மாயாஜால நாவல் சொல்லுங்கள். (ஓர் அம்மா, ரோஸ்ஹில்)

இப்போதைக்குத் தமிழ் நாவல் வேண்டாம் அம்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை, மந்திரவாதி வருவதற்குள் தூங்கிவிடுவான். நீங்கள் படியுங்கள், அவன் கேட்கட்டும். அதற்கு விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை மிஞ்ச ஆளில்லை. ஒரு ராத்திரிக்கு ஒரு கதை. முடிவில் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் ராஜா சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், வாயைத் திறந்தாலோ வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்துக்குப் போய்விடும். கேள்வி வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "நீ ராஜாவாக இருந்தால் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். அவன் கிரியோலில் பதில் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நேரத்தில் தமிழைத் திருத்த ஆரம்பித்தால் கதை பாடமாகிவிடும், நாளைக்கு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரமாட்டான்.

தானாகப் படிக்க அவனுக்கு வசதியான மொழியில் பீட்டர் பிரவுனின் 'தி வைல்ட் ரோபோ' (2016) கொடுங்கள். புயலில் கப்பல் மூழ்கி, ஆளில்லாத தீவில் ஒரு ரோபோ கரை ஒதுங்குகிறது. அத்தியாயம் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம், நடுநடுவே படம்.

ஹாரி பாட்டர் ஏழும் முடித்துவிட்டேன் மிஸ். இரண்டு முறை. அடுத்து என்ன? (13 வயது மாணவி, வாக்குவா)

உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. 1968-இல் வந்தது. மந்திரம் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அதிலும் உண்டு, ஹாகுவார்ட்ஸ் பிறப்பதற்கு ரொம்ப நாளைக்கு முன்னாலேயே. அந்த உலகமே தீவுக்கூட்டம். எங்கே போவதென்றாலும் படகுதான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது எல்லோருக்கும் கவலை. தீவில் வளர்கிற உனக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். ஆடு மேய்க்கிற ஒரு சின்னப் பையன், மந்திரம் தெரிந்த தன் சித்தி ஏதோ முணுமுணுத்து ஆட்டைக் கூப்பிட்டதைக் கேட்டு வைத்திருப்பான். அர்த்தம் தெரியாமல் அதையே மலைமேல் நின்று கத்துவான். ஆடுகள் எல்லாம் சத்தமே போடாமல் ஓடிவந்து அவனைச் சூழ்ந்துகொள்ளும். கொம்போடு கொம்பு உரச நெருக்கும், விலகவே விலகாது. அவன் அழுதுகொண்டே ஓட, அவனை நடுவில் வைத்து ஆடுகளும் ஊருக்குள் ஓடிவரும். புத்தகம் முழுக்க இந்தக் கதைதான்: கூப்பிடத் தெரிந்தவனுக்கு அனுப்பத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாட்டர் மாதிரி சிரிப்பு இதில் கிடையாது, நடையும் நிதானம். நாலு அத்தியாயம் பொறுத்துக்கொள். பிடிக்கவில்லையா, தாராளமாக வைத்துவிடு. இரண்டாம் பாகத்தில் நாயகி உன் வயதுப் பெண்.

பேய், பூதம், மாயம் என்று படித்தால் பிள்ளைகளின் புத்தி கெடாதா? நம் இலக்கியத்தைப் படிக்க வைக்கலாமே. (பேத்தி பேரன் எடுத்த ஒருவர், போர்ட் லூயிஸ்)

ஐயா, நம் இலக்கியத்தில் இருப்பதும் அதுதானே! மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணை ஒரு தெய்வம் தூக்கிக்கொண்டு வானத்தில் முப்பது யோசனை தூரம் பறந்து மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. அங்கே அவளுக்கு முற்பிறவி தெரிகிறது. வேற்றுருவம் எடுக்க, வானில் பறக்க, பசி தாங்க என்று மூன்று மந்திரம் கிடைக்கிறது. அப்புறம் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. இதை இன்றைக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கடையில் 'ஃபேன்டஸி' அலமாரியில்தான் வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். பதிலுக்கு அவர்கள் படிக்கிற கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

எபேனில் மென்பொருள் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம். பதினொரு வயது மகளுக்கு அறிவியல் என்றால் உயிர். அறிவியல் சரியாக இருக்கும் நாவல்கள் எவை? (ஓர் அப்பா)

சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா? ஜூல் வெர்னின் 'பூமியின் மையத்துக்குப் பயணம்' (1864) இன்றைய அறிவியலுக்கு முழுக்கத் தப்பு. ஆனால் அதைப் படித்த பிள்ளைதான் "உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். பதில் தேடிக் கொடுப்பது உங்கள் வேலை.

ஆனாலும் நான் முதலில் கொடுப்பது அவருடைய 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்'. இருபதாயிரம் என்பது ஆழமல்ல, கப்பல் போன தூரம். அங்கே ஒரு லீக் நாலு கிலோமீட்டர் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் பூமியை இரண்டு சுற்று சுற்றிய தூரம் வரும். உங்கள் மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கேப்டன் நீமோவின் நீர்மூழ்கி மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துக்குளிக்கும் காலம் இன்னும் தொடங்கவில்லை. ஒரே ஓர் ஏழை மட்டும் காலுக்கிடையில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மூழ்கிச் சிப்பி எடுக்கிறான். சுறா பாய்கிறது. நீமோ கத்தியோடு குறுக்கே விழுகிறார். அவனைக் காப்பாற்றி, ஒரு பை நிறைய முத்தையும் கையில் வைத்துவிட்டுப் போகிறார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டால், அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டுக்காரன், நானும் அந்த நாட்டுக்காரன்தான் என்கிறார். அதன் பொருள் 'மர்மத் தீவு' (1875) நாவலின் கடைசியில்தான் விளங்கும்: நீமோ புந்தேல்கண்டின் இளவரசர், 1857 கிளர்ச்சியில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டவர். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

முழுப் பதிப்பில் மீன் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். தாண்டிப் போகலாம், பாவமில்லை. சுருக்கப் பதிப்பு வாங்கும்போது மட்டும் கவனம். சிலவற்றில் இந்த மன்னார் காட்சியையே வெட்டியிருப்பார்கள்.

ஏழு வயது மகள் இருட்டுக்குப் பயப்படுகிறாள். இந்தக் கதைகள் ஆகுமா? (ஓர் அம்மா, மாயேபூர்)

பகலில் படியுங்கள். 'ஆலிஸின் அற்புத உலகம்' நல்லது. பயமுறுத்தாது, குழப்பத்தான் செய்யும். அதில் நம்ம ஊர் டோடோ பறவை ஒரு பந்தயம் நடத்தி, ஓடிய எல்லோருமே ஜெயித்ததாகவும் எல்லோருக்கும் பரிசு உண்டென்றும் சொல்லும். நம் பிள்ளைகள் அந்த இடத்தில் துள்ளிக் குதிப்பதைப் பார்க்க வேண்டும்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் மூன்றும் பார்த்தேன். புத்தகத்தைத் தூக்கவே முடியவில்லை. (12 வயது மாணவன், க்யூர்பிப்)

தம்பி, 'த ஹாபிட்' (1937) முதலில். அதை டோல்கீன் சிறுவர்களுக்கென்றே எழுதினார். பெரியது அப்படியல்ல. மூன்று புத்தகமாக 1954, 55-இல் வந்தாலும் அது ஒரே நீளக் கதைதான். நடுவில் எல்ராண்டின் சபை என்று ஓர் அத்தியாயம், உட்கார்ந்து பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கேதான் பலர் மூடி வைப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் நீ தப்பித்தாய். இன்னொன்று, டோல்கீன் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, நமக்குப் பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில், ப்ளூம்ஃபோன்டைனில் (1892). வகுப்பில் சொல்லிப் பார், யாரும் நம்பமாட்டார்கள்.

நாயகன் நாயகி எல்லோரும் வெள்ளையாகவே இருக்கிறார்கள். எங்களைப் போல யாரும் இல்லையா? (14 வயது மாணவி, காத்ர் போர்ன்)

இருக்கிறார்கள். மேலே சொன்ன எர்த்சீயின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறம், அவன் நண்பன் நல்ல கறுப்பு. தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கெட்டை வெள்ளையாக்கிவிட்டார்கள், லெ குவின் அதை வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். அட்டைப் படத்தை நம்பாதே, உள்ளே படி.

நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011) நைஜீரியாவில் நடக்கிறது. மந்திரம், கால்பந்து, காரமான சாப்பாடு எல்லாம் உண்டு. என் பரிந்துரை இதுதான். ரோஷனி சோக்‌ஷியின் 'ஆரு ஷா' வரிசையில் (2018 முதல்) பாண்டவர்கள் இன்றைய அமெரிக்காவில் பெண்பிள்ளைகளாகப் பிறந்திருப்பார்கள். வேகமாகப் போகும், நகைச்சுவை கொஞ்சம் அதிகப்படி. பாரதம் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் சண்டை நிச்சயம். அந்தச் சண்டைக்காகவே வாங்கலாம்.

'ஹங்கர் கேம்ஸ்' போல வேறு என்ன? என் தம்பிக்குப் பத்து வயது, அவனும் கேட்கிறான். (16 வயது மாணவன், போ பஸ்ஸான்)

தம்பிக்கு இப்போது வேண்டாம். இருபத்துநாலு பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய கதை அது. சண்டை மட்டும் அவனுக்குப் புரியும், ஆசிரியர் எதை எதிர்க்கிறார் என்பது புரியாது. இரண்டு மூன்று வருஷம் போகட்டும்.

உனக்கு லோயிஸ் லோரியின் 'த கிவர்' (1993). ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் கூடுதலாகப் பயமுறுத்தும். பன்னிரண்டு வயதில் யார் என்ன வேலை செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவுசெய்துவிடுவார்கள். ஆரம்பப் பள்ளி முடிவில் பரீட்சை எழுதிய உனக்கு அது புதிதாக இருக்காது! முடிவு என்ன ஆயிற்று என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும்.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நாம் இப்போது இருக்கும் 2020-களைத்தான் அவர் எதிர்காலமாக எழுதினார். மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான், பிள்ளை பெறக்கூட அரசாங்க அனுமதி வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய் மட்டும் எல்லோரையும்விட நன்றாக யோசிக்கும். வாக்கியங்கள் சின்னச் சின்னவை, எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) பரீட்சைக்குத் தமிழ் எடுத்தவர்களால் தட்டுத்தடுமாறியாவது படிக்க முடியும்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். தமிழோடு ஒரு தொடுப்பாவது வேண்டும். (ஒரு சகோதரி, சேந்த் ஆந்த்ரே, ரியூனியன்)

பிரெஞ்சிலேயே நல்ல செல்வம் இருக்கிறது. தீமோத்தே த ஃபோம்பெலின் 'தொபி லொல்நெஸ்' (2006): ஒன்றரை மில்லிமீட்டர் உயரப் பையன், ஒரு மரம்தான் அவன் உலகம், ஊரே அவனைத் துரத்துகிறது. பியேர் பொத்தெரோவின் 'எவிலான்' வரிசை (2003): லாரி மோதப்போகும் நொடியில் ஒரு பெண் வேறு உலகத்தில் போய் விழுகிறாள். இரண்டையும் பதினொரு வயதிலிருந்து கொடுக்கலாம்.

தமிழ்த் தொடுப்புக்கு சேந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்து, 1981-இல் க்ரியா வெளியிட்டது. மூலத்தைப் பிள்ளை ஒரு பக்கம் படிக்கட்டும், அதே பக்கத்தை நீங்கள் தமிழில் படியுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தமிழ் காதில் தானாக ஏறும்.

மகன் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான். (ஓர் அப்பா, மோகா)

படிக்கிறான் அல்லவா? விட்டுவிடுங்கள்.

ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கையில் ஒரே பிரதிதான் இருக்கும், பி.எஸ்.ஏ.சி. (ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு) அவசரம் வேறு. என்ன வாங்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம்? (ஓர் ஆசிரியை)

ஒரு பிரதி போதும். வகுப்பு முடியும் நேரத்தில் பத்து நிமிஷம் வாசியுங்கள். கதவு திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள், கதவுக்குப் பின்னால் யார் என்று சொல்லாதீர்கள். கேள்வித்தாள் வேண்டாம், கதைச் சுருக்கம் எழுதி வா என்பதும் வேண்டாம்.

சின்ன வகுப்புக்கு ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்'. பழைய வேதாளம்தான், கேள்வி மட்டும் அறிவியல். கொஞ்சம் பெரியவர்களுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியைப் பின்னணியாகக் கொண்ட கதை. முதலாவது 2014-இலும் அடுத்தது 2023-இலும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவை. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025-இல் அதே விருது. ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயமலையில் பனிமனிதனைத் தேடிப்போகும் கதை, தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஏங்க வைக்கும்படி முடியும், உங்கள் பத்து நிமிஷத்துக்குத் தோதானது. ஆனால் தமிழ் கொஞ்சம் கனம், வாசிக்கும்போதே கடினமான இடங்களைக் கிரியோலில் ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள்.

கிடைக்கும் இடம்தான் சிக்கல். இங்கே கடைகளில் தமிழ்ச் சிறுவர் நாவல் அபூர்வம், தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். ஜனவரி வாக்கில் சென்னையில் புத்தகக் கண்காட்சி நடக்கும். அந்தச் சமயம் யாராவது கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ தமிழ்நாடு போகிறார்களா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். சொந்தக்காரர்களிடம் 'ஏதாவது சிறுவர் புத்தகம்' என்று பொதுவாகச் சொன்னால் நீதிக்கதைத் தொகுப்புதான் வந்து சேரும்.