பத்திரிகைப் படங்கள்ல பண்ற டச்சிங் நம்மளை உண்மையிலேயே பாதிக்குதா?

கேள்வி: அட்டைப்படத்துல வர்ற நடிகைங்க போட்டோவெல்லாம் எடிட் பண்ணதுதான்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அதைப் பாத்தா ஏன் நம்ம உடம்பு மேல நமக்கே ஒரு வெறுப்பு வருது? "இது எடிட் பண்ண படம்"னு கீழ எழுதணும்னு சட்டம் போட்டா சரியாயிடுமா?

பதில்:

நான் ராமநாதபுரத்துல ஒரு ஸ்டூடியோவுல ஆல்பம் டிசைனர். காலையில சிஸ்டத்தை ஆன் பண்ணா ராத்திரி வரைக்கும் அடுத்தவங்க மூஞ்சியிலதான் வேலை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், பிளெக்ஸ், கடைசியா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும் எல்லாம் என் மானிட்டர் வழியாத்தான் போகும். அதனால இதைத் தொழில் பக்கமிருந்துதான் சொல்லத் தெரியும்.

மோசமா பண்ண டச்சிங் யாரையும் பெருசா ஒண்ணும் பண்ணாதுங்க. கேணிக்கரைப் பக்கம் வந்து ஒரு சடங்கு பேனரைப் பாருங்க, மாமன்காரங்க அத்தனை பேரும் மெழுகுப் பொம்மை மாதிரி வரிசையா நிப்பாங்க, மூக்குல ஒரு துளை தெரியாது, நெத்தியில ஒரு கோடு இருக்காது. பாத்துட்டு சிரிச்சுட்டுப் போயிடுவோம். யாரும் வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னாடி நின்னு "நான் ஏன் அந்த மாமா மாதிரி இல்ல"ன்னு வருத்தப்படப் போறதில்ல.

வில்லங்கம் நல்லா பண்ண டச்சிங்லதான் இருக்கு. பெரிய பத்திரிகைக்கு வேலை பண்றவங்க தோலைத் தேய்க்கவே மாட்டாங்க. தோலோட நிறத்தை ஒரு லேயர்லயும் (கம்ப்யூட்டர்ல படத்தோட ஒரு அடுக்கு) சொரசொரப்பை இன்னொரு லேயர்லயும் பிரிச்சு வச்சுக்குவாங்க, கருவளையம், திட்டு, நிழல் எல்லாத்தையும் நிற லேயர்ல மட்டும் சமன் பண்ணிட்டு சொரசொரப்பை அப்படியே மேல உட்கார வச்சிடுவாங்க. கிட்டத்துல பாத்தாலும் மயிர்க்கால் துளை தெரியும், கன்னத்துல பூனை முடி தெரியும், அட நிஜத் தோல்தான்னு கண்ணு ஏமாந்துடும். அப்புறம் இடுப்பு, கை, தாடை. அதுக்கு லிக்விஃபைன்னு ஒரு கருவி, பிரஷ்ஷை வச்சுத் தள்ளுனா சதை உள்ள போகும். இது தெரிஞ்சவங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்றேன், இங்க அவுட்டோர் ஷூட்டுன்னா முக்காவாசி தனுஷ்கோடி இல்லன்னா பாம்பன் பாலம்தானே, பொண்ணு இடுப்பை லேசா உள்ள தள்ளுனா பின்னாடி இருக்கிற கடல் கோடும் சேந்து வளைஞ்சிரும், பாலத்துக் கம்பி நெளிஞ்சிரும். அதை மறுபடி நேராக்குறதுக்குத்தான் பாதி நேரம் போகும். தனுஷ்கோடிக் கடைசியில இருக்கிற அரிச்சல்முனையில எடுத்த கல்யாண போட்டோ எங்கயாவது கண்ணுல பட்டா இடுப்புக்கு ரெண்டு பக்கமும் கடல் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாருங்க.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த வினைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எங்க முதலாளியோட அப்பா காலத்து டச்சிங் டெஸ்க் இன்னும் கடைப் பரண்ல கிடக்கு, சாய்வா ஒரு பலகை, நடுவுல ஓட்டை, பின்னால இருந்து வெளிச்சம். நெகட்டிவை அதுல வச்சுட்டு ஊசி மாதிரி சீவுன பென்சிலால சுருக்கம் இருக்கிற இடத்துல பொடிப்பொடியா புள்ளி வைப்பாங்களாம், பிரிண்ட் போட்டா சுருக்கம் காணாமப் போயிருக்கும். ஆளு கருப்பா இருந்தா மூஞ்சி இருக்கிற இடத்துல சிவப்புச் சாயத்தை லேசா தடவுவாங்க. கருப்பு வெள்ளை பேப்பருக்கு சிவப்பு வெளிச்சம் ஏறாது, அதனால அந்த இடம் வெளுப்பா விழும். ஆக ஃபேர்னஸ் க்ரீம் நம்ம ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஸ்டூடியோக்காரன் வந்துட்டான்.

பத்திரிகைக் கதையும் அப்படித்தான். போட்டோஷாப் வந்தது 1990ல. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டைக்காக எகிப்து பிரமிடு ரெண்டை கம்ப்யூட்டர்ல நகர்த்தி நெருக்கமா வச்சாங்க, அகலவாட்டுல எடுத்த படம் நெட்டு அட்டைக்குள்ள அடங்கலயாம். பிரமிடையே நகர்த்துறவனுக்கு இடுப்பு எம்மாத்திரம். 1989ல டிவி கைடுன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை டிவி தொகுப்பாளினி ஓப்ரா வின்ஃப்ரே தலையை ஆன் மார்கரெட்டுங்கிற நடிகையோட உடம்புல ஒட்டி அட்டையில போட்டுச்சு. 2003ல நடிகை கேட் வின்ஸ்லெட் காலை ஜிக்யூ பத்திரிகை அட்டையில இளைக்க வச்சப்ப அவங்களே, நான் அப்படி இல்ல, அப்படி இருக்கணும்னு எனக்கு ஆசையும் இல்லன்னு வெளிப்படையா சொன்னாங்க. 2011ல பிரிட்டன்ல லோரியால் கம்பெனியோட மேக்கப் விளம்பரம் ரெண்டை, நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் இருந்த ஒண்ணு, மாடல் கிறிஸ்டி டர்லிங்டன் இருந்த ஒண்ணு, விளம்பரக் கண்காணிப்பு அமைப்பே தடை பண்ணுச்சு. படத்துல தெரியற தோல் அந்த மேக்கப்பால மட்டும்தான் வந்துச்சுன்னு கம்பெனியால நிரூபிக்க முடியல.

சரி, இம்புட்டும் தெரிஞ்சும் ஏன் உறுத்துதுன்னு கேட்டீங்க. பொய்யின்னு புத்திக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே கண்ணு ஒப்பிட்டு முடிச்சிருது, அதான் காரணம்னு நான் நினைக்கிறேன். ஒரு படம்னா பரவால்ல, ஆயிரம் படத்துல ஒரே இடுப்பு ஒரே நிறம் வந்தா அதுதான் வழக்கமான உடம்புன்னு மனசுல பதிஞ்சிரும். ஃபிஜி தீவுல ஒரு ஆய்வு நடந்துச்சு, பத்திரிகை இல்ல டிவிதான், ஆனா விஷயம் இதேதான். அந்த ஊர்ல உடம்பு பூசினாப்புல இருந்தாத்தான் அழகு, யாராவது எளைச்சா கவலைப்படுவாங்க. (நம்ம ஊர் அப்பத்தாக்கள் "என்னத்தா இப்புடி எளைச்சுப் போயிட்டே"ன்னு கேக்குறது ஞாபகம் வருதா.) 1995ல நாட்ரோகாங்கிற பகுதிக்கு டிவி வந்துச்சு. வந்த புதுசுல ஸ்கூல் பொண்ணுங்கள்ட்ட கேட்டப்ப எடை குறைக்கிறதுக்காக வாந்தி எடுக்கிறேன்னு ஒருத்தி கூட சொல்லல. 1998ல திரும்ப அதே வயசுப் பொண்ணுங்கள்ட்ட கேட்டா 11.3 சதவீதம் பேர் ஆமான்னாங்க. மூணே வருஷம். ஆன் பெக்கர்னு ஹார்வர்ட் டாக்டர் பண்ணது. சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு தடவையும் அறுபத்து சொச்சம் பேர்தான், இருந்தாலும் படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு.

லேபிள் விஷயத்துக்கு வர்றேன். பிரான்ஸ்ல 2017 அக்டோபர்ல இருந்து விளம்பரத்துல மாடல் உடம்பை எளைக்க வச்சாலோ பெருக்க வச்சாலோ "திருத்திய படம்"னு போடணும், போடலன்னா 37,500 யூரோ அபராதம். நார்வேல 2022 ஜூலையில இருந்து காசு வாங்கிட்டு போஸ்ட் போடறவங்களும் போடணும், அங்க தோலையும் சேத்துட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆராய்ச்சிக்காரங்க லேபிளோடயும் லேபிள் இல்லாமயும் பொண்ணுங்கள்ட்ட காட்டிப் பாத்துட்டாங்க, பெரும்பாலும் மனசு ஆறுனதாத் தெரியல. சில ஆய்வுல லேபிளைப் படிச்சவங்க அந்த எடிட் பண்ண இடத்தையே இன்னும் உத்துப் பாத்திருக்காங்க. இன்னொண்ணு, பிரான்ஸ் சட்டத்துல உடம்பு அளவுதான் கணக்கு, நிறத்தை வெளுத்தா அதுல வராது. நம்ம ஊருக்கு அதைக் காப்பி அடிச்சு என்ன பிரயோஜனம்? இங்க கடைக்கு வர்ற நூறு பேர்ல எளைக்க வைங்கன்னு கேக்குறவங்களை விட "கொஞ்சம் கலராக்குங்க"ன்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. 1975ல இருந்து ஃபேர் அண்ட் லவ்லின்னு இருந்த க்ரீம் 2020ல க்ளோ அண்ட் லவ்லி ஆச்சு, பேரு மாறுன அந்த வருஷமும் என் கடையில கேக்குற கேள்வி மாறல.

உண்மையில இப்ப எனக்கு அட்டைப்படத்தைப் பத்திக் கூட அவ்வளவா பயம் இல்ல. நடிகை வேற யாரோ, அவ பெரிய இடம், காசு இருக்கு, மேக்கப் இருக்குன்னு மனசைத் தேத்திக்கலாம். இப்ப ஜனங்க ஒப்பிட்டுப் பாக்குறது எடிட் பண்ண தன்னோட மூஞ்சியோடயே. கீழக்கரைப் பக்கம் சபுராளி (வெளிநாட்டுல வேலை பாக்குற) மாப்பிள்ளைன்னா பொண்ணு போட்டோ முதல்ல வாட்ஸப்புலதான் துபாய்க்குப் போகுது, அதை எங்கள மாதிரி ஆளுதான் தயார் பண்றோம். அப்புறம் அந்தப் பொண்ணு நேர்ல பாக்குற அன்னைக்கு, போட்டோவுல இருக்கிற தன்னையே ஜெயிக்கணும்னு தவிக்கிறா. நடிகைட்ட தோத்தா கூட ஆறிப் போகும், இதுக்கு எங்க போறது?

பாம்பன் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, கல்யாண ஆல்பம். அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. பாசிக்குப் போறவங்களைப் பாத்திருக்கீங்களா, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, விரல்ல துணி சுத்தி, கண்ணுக்கு கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்குவாங்க, பாறையில கீறி கையெல்லாம் கோடு கோடா இருக்கும். (பாசியில இருந்து எடுக்கிற சரக்கை பற்பசை, மூஞ்சி க்ரீமுன்னு கெட்டியாகுறதுக்குச் சேக்குறாங்க, அது தனிக் கூத்து.) பொண்ணு வந்து "அக்கா, அம்மாவையும் கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்கக்கா, எங்க மாமியார் வீட்டு ஆளுங்க பாப்பாங்க"ன்னு கேட்டுச்சு. பண்ணிக் குடுத்தேன், கஸ்டமர் கேட்டதுதானே. ப்ரூஃப் பாக்க அம்மாவும் வந்திருந்தாங்க. ஸ்க்ரீன்ல குடும்ப போட்டோவைப் பெருசாக்கினதும் கிட்டக்க வந்து பாத்துட்டு ஒரே சிரிப்பு. "ஏந்தாயி, மூஞ்சி ஒருத்தியது, கை ஒருத்தியதால்ல இருக்கு!" கையை நான் தொடல, மடியில அந்தக் கீறலோட அப்படியே இருந்துச்சு. பொண்ணு சட்டுனு "அப்ப கையையும் மாத்திடுங்கக்கா"ங்குது. அந்தம்மா விடல, "கைய மாத்துனா அப்பறம் எவடி நானு, மூஞ்சியப் பழயபடி போடச் சொல்லு"ன்னாங்க. ரெண்டு பேருக்கும் கடையிலயே சண்டை. கடைசியில பாதிக்குப் பாதி இறக்கி வச்சேன், ரெண்டு பேருக்குமே முழு திருப்தி இல்ல.

நான் எனக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கேன், ஒரு வாரத்துல தானா போறதை எடுப்பேன், ஆளோட கூடவே இருக்கிறதை எடுக்க மாட்டேன். பருவை எடுப்பேன், மச்சத்தை எடுக்க மாட்டேன். கண்ணுக்குக் கீழ தூக்கமில்லாத கருப்பைக் குறைப்பேன், அம்மைத் தழும்பைத் தொட மாட்டேன். அதையும் கேட்டா செய்வேன், கேக்காம செய்ய மாட்டேன். இந்த ஃபீல்டுல கேக்காமலே செய்யறதுதான் வழக்கம், போட்டோவை உள்ள ஏத்துனதுமே ஆக்ஷன்னு முன்னாடியே பதிஞ்சு வச்ச ஒரு எடிட்டிங் தானா ஓடி எல்லாரையும் ஒரு ரவுண்டு வெளுத்து வச்சிடும், வந்தவருக்கு அது நடந்ததே தெரியாது.

போனும் அதே திருட்டுத்தனம்தான். பல போன்ல செல்ஃபி கேமராவுல பியூட்டி மோடு முதல்லயே ஆன்ல இருக்கும், வாங்குன நாள்ல இருந்து தன்னோட நிஜ மூஞ்சியைப் படத்துலயே பாக்காத புள்ளைங்க இருக்கு. கூகிள்காரன் 2020ல பிக்சல் போன்ல இதை ஆஃப் பண்ணி வச்சுத் தர ஆரம்பிச்சான், வேணும்னா நாமளே ஆன் பண்ணிக்கலாம். லேபிளை விட எனக்கு இதுதான் உருப்படியான வழியாப் படுது. கேட்டாத்தான் வரணும், தானா வரக்கூடாது.

அதனால உங்க கையில இருக்கிறதைச் சொல்றேன். போன் கேமரா செட்டிங்ல போய் பியூட்டி, ஸ்மூத், ஃபேஸ் ஸ்லிம் என்ன பேர்ல இருந்தாலும் சைபருக்குக் கொண்டாங்க, வீட்டுல பொட்டப்புள்ளைங்க போன்ல முதல்ல பண்ணுங்க. விசேஷத்துக்கு ஸ்டூடியோ புக் பண்ணும்போதே, அட்வான்ஸ் குடுக்கிற அன்னைக்கே, "கலர் மாத்தாதீங்க, மச்சம் தழும்பு எடுக்காதீங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம், வேலை மிச்சம். ஆல்பம் வாங்கும்போது டச்சிங் பண்ணாத ஒரிஜினலையும் பென்டிரைவ்ல கேட்டு வாங்கிடுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்னு மட்டும் விடாதீங்க, பணம் செட்டில் ஆகி கொஞ்ச நாள் போனா அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேணும்னு ஹார்ட் டிஸ்க்கைக் காலி பண்ணிடுவோம்.